மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் விட்டு வந்த வீடு



தன்வரலாறு என்னும் இலக்கிய வகை தமிழில் நெடுங்காலமாக வழங்கி வந்த ஒன்றன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டிலேதான் வார இதழொன்றில் வெளிவரத் தொடங்கிற்று. திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களைப் படிப்போர் ஒன்றை எளிதிற் காண்பர். பிறந்த வீட்டையும் பெற்றோரையும் அவை நன்றியோடு போற்றுகின்றன. சாமிநாதையரின் தந்தையார் தம் மகன் இசையிலே வல்லவனாக வேண்டுமென்று விரும்பியவர். எனினும் மகனுடைய உள்ளம் தமிழை நாடுவதைக் கண்டபின், அவனுக்கேற்ற ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். வீடு என்பது இவ்வாறு பிள்ளைக்கு வழிவிடும் இடமாக அமைந்தால், பிற்காலத்தில் அப்பிள்ளை எழுதும் வரலாறும் நன்றியுரையாகவே அமையும்.

ஆனால் வேறொரு வகை வரலாறும் உண்டு. தம்மைத் தம் விருப்பப்படி மூச்சுவிடவும் இசையாத வீட்டினின்று வெளியேறியோர் எழுதும் வரலாறு அது. அதனை எழுதுவது எளிதன்று. 'உண்ண உணவு தந்தவர்களைக் குறை கூறலாமா?' என்னும் கேள்வி, பிறர் கேட்பதற்கு முன்னரே எழுதுபவரின் நெஞ்சில் எழுந்து கையைப் பற்றிக்கொள்ளும். ஆகவே இவ்வகையினருட் பலர் எழுதாமலே மறைந்தனர். சிலர் கதை என்னும் போர்வையிட்டு எழுதினர். அவ்வாறு எழுதிய தமிழ்ப் பெண்மணி ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயரை உங்களிற் பலர் அறிவீர்கள். அரசாங்கத் திட்டமொன்றின் பெயராக மட்டும் அறிந்திருப்பீர்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்பதே அப்பெயர்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டு திருவாரூரிலே பிறந்தார். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்ததனால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வறுமையின் காரணமாகவும் உறவினரின் வற்புறுத்தலினாலும், ஏறக்குறைய ஐந்து வயதிலேயே அவர் தாசிக் குடும்பம் ஒன்றில் விடப்பெற்றார். அதற்கு விலை பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இங்கே சற்று நின்று, அந்த வீடு எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். முற்காலத்தில் கோயில்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்துவதற்கென்று பெண்களை ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. கோயிலில் இறைவன் பெயரால் சிறுமிக்குத் தாலி கட்டுவர். இதனைப் பொட்டுக்கட்டுதல் என்பர். பொட்டுக்கட்டப்பெற்ற பெண் அதன்பின் மற்றப் பெண்களைப்போல் மணம் செய்துகொள்ள இயலாது. காலப்போக்கில் அவ்வழக்கம் சீர்குலைந்தது. செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ்வதும், அவர் கைவிட்டால் மற்றொருவரை நாடுவதுமே பலருக்கு வாழ்க்கையாயிற்று. அக்குடும்பங்களில் சொத்து பெண்வழியே இறங்கியது. முதியவள் உழைக்க இயலாத காலத்தில் இளையவளின் வருவாயே குடும்பத்தைத் தாங்கிற்று. வெளிப்படையாகச் சொன்னால், வளர்ப்புத் தாய்க்கு அச்சிறுமிதான் முதுமைக்காலச் சேமிப்பு.

இந்தக் கணக்கை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும். அந்த வீட்டில் சிறுமிக்கு உணவு உண்டு, உடையும் நகையும் உண்டு. பாட்டும் நாட்டியமும் கற்பித்தார்கள். அக்காலத்தில் பெரும்பாலான குடும்பப் பெண்களுக்குக் கிட்டாத எழுத்தறிவும் இம்மரபுப் பெண்கள் பலருக்குக் கிட்டியது. 'இவ்வளவும் உனக்குச் செய்தோமே, எங்களுக்கு நீ என்ன செய்யப்போகிறாய்?' என்பது அந்த வீட்டின் ஓயாத கேள்வி. சங்கிலியாற் பிணிக்கப்பட்டவன் தான் கட்டுண்டிருப்பதை அறிவான். நன்றிக் கடனாற் பிணிக்கப்பட்டவனோ, அவிழ்க்க நினைப்பதையே பாவமென்று கருதிவிடுவான். அடக்கியாளும் குடும்பங்கள் எந்நாட்டில் இருப்பினும் இந்தக் கயிற்றையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அடியும் வசவும் அதற்கடுத்த கருவிகளே.

பதினேழு வயதளவில் அவரை வயது முதிர்ந்த செல்வர் ஒருவரிடம் ஒப்படைக்க ஏற்பாடாயிற்று என்றும், அம்மையார் அதனை மறுத்தார் என்றும் கூறுவர். தமக்கு இசை கற்பித்த ஆசிரியராகிய சுயம்புப் பிள்ளையை அவர் தம் துணைவராக ஏற்றார். நெய்விளக்கை ஏற்றிவைத்து, 'வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் பிரியோம்' என்று இருவரும் உறுதி செய்துகொண்டனர். அதுவே அவர்களுடைய திருமணம். புரோகிதரும் இல்லை, உறவினரும் இல்லை. இன்று கேட்பதற்கு இது சிறு செய்தியாகத் தோன்றும். பொட்டுக்கட்டும் மரபிலே வளர்க்கப்பெற்ற பெண் ஒருத்தி, தன் உடலும் உழைப்பும் தனக்கே உரியன என்று நடந்து காட்டியது அக்காலத்தில் எத்துணைப் பெரிய மீறல் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெளியேறியவர் வாளாவிருக்கவில்லை. தம்மைப் போன்ற பெண்களின் வீடுகளுக்குத் தாமே சென்று பேசினார். தாய்மார்களிடம் வாதிட்டார். பல வீடுகளில் வசைமொழி கேட்டுத் திரும்பினார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து கதர் பரப்பினார். 1925-இல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு கூடியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பெரியார் காங்கிரசை விட்டு விலகிய பின்னர் அம்மையாரும் சுயமரியாதை இயக்கத்திற்கு வந்தார்.

அந்த 1925-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் 'குடி அரசு' இதழில் அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். உறவினர் தம்மை இத்தொழிலுக்கு ஆளாக்க முயன்றதையும், தாசிகளின் பெருமையை எடுத்துரைத்து ஆசை காட்டியதையும், ஆடலும் பாடலும் கற்பித்ததையும் அதிற் கூறினார். சாத்திரங்களைத் தாமே எண்ணி ஆராய்ந்து, ஆடவர் தம் இன்பத்திற்காகப் பெண்களில் ஒரு பகுதியினரை இவ்வாறு ஒதுக்கி வைத்தனர் என்று தெளிந்ததையும் கூறினார். ஆசிரியனாக வாழ்ந்த என் கண்ணுக்கு 'தாமே எண்ணி ஆராய்ந்து' என்பது மட்டும் தனித்துத் தெரிகிறது. நாலு சுவருக்குள் வளர்க்கப்படும் பிள்ளைக்கு அந்த வீட்டாரின் சொல்லே உலகம். அச்சொல்லைச் சரிபார்ப்பதற்கு மற்றொரு சொல் கிடைக்கும் வரையில் அப்பிள்ளைக்கு ஐயமே எழாது.

1936-ஆம் ஆண்டு அவருடைய பெருநூல் வெளிவந்தது. 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்பது அதன் பெயர். 'மைனர்' என்ற சொல்லுக்கு அக்காலத்தில் தந்தை சேர்த்த செல்வத்தைச் செலவழித்துத் திரியும் இளஞ்செல்வர் என்பது பொருள். நூல் நாவல் வடிவிலே அமைந்தது. செல்வரிடம் பொருள் கறக்கும் உபாயங்களைத் தாய் மகளுக்குப் பாடம்போலக் கற்பிக்கும் பகுதிகள் அதில் வருகின்றன. அவ்வலையிற் சிக்கிய குடும்பம் படும் பாடும், அம்மரபினின்று வெளியேறிய பெண்கள் பிறரை மீட்க முயல்வதும் வருகின்றன. தாம் கண்டும் பட்டும் அறிந்தவற்றைக் கொண்டே அம்மையார் அதனை எழுதினார். 2003-இல் கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர்.

இலக்கிய நயம் தேடி அந்நாவலைக் கையிலெடுப்போர் சற்று ஏமாற்றமடைதல் கூடும். பாத்திரங்கள் பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு செய்கின்றன. நீதி வெளிப்படையாகவே நிற்கிறது. எனினும், அந்த வீட்டின் உள்ளறையில் நடந்த பேச்சை அங்கிருந்தே கேட்ட ஒருவர் எழுதியது அது. அந்தச் சிறப்பு கைதேர்ந்த நாவலாசிரியர் பலருக்கும் வாய்க்கவில்லை. அவர் ஏன் தன்வரலாறாகவே எழுதாமல் கதையாக்கினார்? தம் வீட்டை நேர்முகமாகக் காட்டினால், அங்கே இன்னமும் வாழ்கின்ற பெண்களின் முகமும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும் என்று அவர் எண்ணியிருக்கலாம் என எனக்குத் தோன்றுகிறது. வீட்டை வெறுத்தவர் வீட்டிலுள்ள சகோதரியரை வெறுக்க வேண்டும் என்பதில்லை.

இவ்விடத்தில் என் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆசிரியப் பணி புரிந்த ஆலங்காயம், ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள ஊர். அங்கிருந்து மலைச்சாலையில் ஏறினால் காவலூர் வரும். வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் முயற்சியால் அங்கே வானோக்கு நிலையம் ஒன்று அமைந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெரியவந்தது. அந்நிகழ்ச்சியை உற்றுநோக்கிய இடங்களுள் காவலூரும் ஒன்று. என் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், அக்கோளை 1781-இல் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலைப் பற்றிச் சொல்வேன். சொல்லிவிட்டு, அவருடைய தங்கை கரோலின் ஹெர்ஷலைப் பற்றி இன்னும் சற்று நீளமாகச் சொல்வேன். வீட்டை விட்டு வெளியேறிய கதை அத்தங்கைக்கும் உண்டு.

கரோலின் 1750-இல் ஜெர்மனியிலுள்ள ஹானோவரிலே பிறந்தார். தாயார் அவரை வீட்டு வேலைக்கென்றே வளர்த்தார். மூத்த அண்ணன் ஒருவர், உணவு பரிமாறுவதிற் பிழை கண்டால் தங்கையை அடிப்பார். மகள் மிகுதியாகப் படிக்கலாகாது என்பதில் தாயார் உறுதியாக இருந்தார். அதற்கு அவர் கூறிய காரணத்தைக் கேளுங்கள். ஆண்பிள்ளைகள் கொஞ்சம் குறைவாகப் படித்திருந்தால் வீட்டை விட்டு அயல்நாடு போயிருக்கமாட்டார்களாம்! 1772-இல் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம், தங்கையைத் தம்முடன் அழைத்துச் செல்ல விரும்பினார். தாயார் இசைவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கரோலின் செய்துவந்த வேலைக்கு வேறொரு பணியாளை அமர்த்திக்கொள்ளும் பொருட்டு, ஆண்டுதோறும் தாயாருக்குப் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்டார். கரோலினோ, இரண்டாண்டுக்குப் போதுமான காலுறைகளை வீட்டாருக்காக முன்னதாகவே பின்னி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

மூவலூரில் பத்து ரூபாயும் பழம்புடவையும்; ஹானோவரில் பணியாளின் சம்பளமும் இரண்டாண்டுக் காலுறையும். வீட்டார் வாய்விட்டுச் சொல்லாத கணக்கைப் பிள்ளை பிற்காலத்தில் எழுதி வைத்துவிடுகிறது. கரோலின் தம் நினைவுகளை முதுமையில் எழுதினார். அவை 1876-இல், அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், நூலாக வெளிவந்தன. 1786 ஆகஸ்டு 1 அன்று அவர் தம் முதல் வால்வெள்ளியைக் கண்டார். மொத்தம் எட்டு வால்வெள்ளிகளைக் கண்டறிந்தவர் என்னும் புகழ் அவருக்கு உண்டு. 1787 முதல் இங்கிலாந்து அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். தம் விருப்பம்போல் செலவழிக்கத் தமக்குக் கிடைத்த முதற்பணம் அதுவே என்று அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 37.

இராமாமிர்தம் அம்மையாருக்குச் சுயம்புப் பிள்ளை இருந்தார். கரோலினுக்கு அண்ணன் இருந்தார். வெளியே கைநீட்ட ஒருவரும் இல்லாத பெண் என்ன செய்வாள்? இக்கேள்விக்கு விடை கண்டவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் தேவதாசி மரபினர். தந்தையார் கல்லூரி முதல்வர். மகளுக்கு விரைவில் மணம் முடிக்க வேண்டுமென்பது தாயாரின் கவலை. தந்தையார் மகளின் படிப்பிற்குத் துணைநின்றார். ஆண்களே படித்துவந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்து படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டமன்றத்தில் 1927-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. கோயில் ஊழியத்திற்காக விடப்பட்ட மானிய நிலங்களை, அவ்வூழியம் செய்யாமலே அப்பெண்கள் வைத்துக்கொள்ள 1929-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிசெய்தது. 'ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும்' என்ற அச்சம் எத்தனை பெண்களை அவ்வீடுகளில் நிறுத்திவைத்திருந்தது என்பதை அறிந்தே அத்திருத்தம் செய்யப்பெற்றது.

1930-இல், தாசிக் குடும்பத்தினின்று தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் டாக்டர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் மறுத்துவிட்டன. சட்டமன்றத்தில் எவ்வளவு பேசினாலும், அன்றிரவு அப்பெண்கள் படுத்துறங்க ஓர் இடம் வேண்டுமே! அம்மையார் தம் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அவ்வாறு தொடங்கியதே சென்னையிலுள்ள அவ்வை இல்லம். வெளியேறுவதைப் பற்றி எழுதுவோரெல்லாம் வாயிற்படியைத் தாண்டும் அந்த ஒரு கணத்தின் வீரத்தையே பாடுகின்றனர். தாண்டிய காலை எங்கே ஊன்றுவது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலெட்சுமி அம்மையாரும் தாண்டிய காலுக்கு நிலம் தேடித்தந்தனர். அவர்களுடைய பெருமை எனக்கு அதிலேதான் விளங்குகிறது. பொட்டுக்கட்டுதலை அறவே தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது.

நேர்மையாகப் பேசுவோமானால் மறுதரப்பையும் சொல்ல வேண்டும். சட்டம் வேண்டாமென்று அம்மரபுப் பெண்களிலேயே பலர் முறையிட்டனர். திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெரும் புலமை வாய்ந்தவர், அவரும் அம்மரபினரே. நாட்டியக் கலையை உலகறியச் செய்த பாலசரஸ்வதி தம் முன்னோரின் கலையைப் பற்றி ஒருநாளும் வெட்கப்படவில்லை. பெண்களுக்குச் சொத்துரிமையும் கல்வியும் தந்த மரபு இதுவன்றி வேறெது என்று அவர்கள் கேட்டதில் உண்மை இருந்தது. ஆயினும் விரும்பி நிற்பவளின் பெருமையைக் காட்டி, விரும்பாதவளைப் பிடித்து வைத்தல் முறையாகாது. ஐந்து வயதுச் சிறுமி எதனையும் விரும்பித் தேர்ந்தவள் அல்லள்.

இனி, இன்றைய நாளுக்கு வருவோம். ஆலங்காயத்துப் பள்ளிகளில் மலையூர்ப் பிள்ளைகளும் படிக்கின்றனர். காப்பித் தோட்ட வேலைக்காகக் கருநாடகம், கேரளம் எனப் பெற்றோர் இடம்பெயரும் பருவத்தில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை நிறுத்திவிடும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களை அடக்கியாளும் குடும்பத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வறுமை. பெரும்பாலும் விடுதியில் ஓர் இடமும் இரண்டொரு நல்ல வார்த்தையும் அதற்கு மருந்தாகின்றன. வேறு சில வீடுகளையும் கண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளின் மாற்றுச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, 'இனி உனக்கு எதற்கு அது?' என்று கேட்ட தந்தையரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் வறியவர் அல்லர். ஆண்பிள்ளைகளும் இதற்குத் தப்புவதில்லை. மகன் இன்ன படிப்புதான் படிக்க வேண்டும், இன்னாரோடுதான் பேச வேண்டும், சம்பாதித்ததை ஒரு காசு குறையாமல் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று இருபத்தைந்து வயதிலும் விரல் பிடித்து நடத்தும் வீடுகள் உள்ளன.

'கண்டிப்புக்கும் அடக்குமுறைக்கும் என்ன வேறுபாடு, ஐயா?' என்று மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. இரவு ஏழு மணிக்குள் வீடு திரும்பு என்று சொல்லும் தாயை அடக்கியாளுபவள் என்று கூறிவிட முடியாது. பிள்ளை வளர வளர அந்தக் கட்டளை தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் இருந்த கட்டு, பதினெட்டு வயதில் இன்னும் இறுகியிருக்குமானால், அது பிள்ளையின் நன்மைக்காக இட்ட கட்டு அன்று. காரணம் கேட்டால் விடை வருகிறதா, வசை வருகிறதா என்றும் பார்க்கலாம். அவளிடம் இவ்வளவே சொன்னேன். அவள் மேலும் கேட்கவில்லை. மறுநாள் தன் அத்தையை அழைத்து வந்தாள். படிப்பு தொடர்ந்தது.

உங்களில் யாரேனும் அத்தகைய வீட்டிலிருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கும் இருபத்தொரு வயது நிரம்பாத ஆணுக்கும் மணம் செய்விப்பது குற்றம். அவ்வாறு நடந்துவிட்டாலும், மைனராயிருந்தவர் பதினெட்டு வயதை அடைந்த பின் இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நீதிமன்றத்தை நாடி அம்மணத்தைச் செல்லாததாக்கிக் கொள்ளலாம். 1098 என்னும் தொலைபேசி எண் குழந்தைகளுக்காக உள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கு 181 உள்ளது. இவற்றை அறியாமல், இனிக்கப் பேசும் அறிமுகமில்லாத ஒருவரை நம்பி இரவோடு இரவாகப் புறப்படுவதைக் காட்டிலும் ஆபத்தானது வேறில்லை. ஒரு வலையினின்று மற்றொரு வலைக்கு மீன் தாவுவதுபோல் ஆகிவிடும். ஆசிரியரோ, உறவிலேயே நேர்மையான ஒருவரோ, அரசாங்க அலுவலரோ உங்கள் நிலையை முன்னதாக அறிந்திருக்கட்டும். சான்றிதழ்கள் எங்கே உள்ளன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எல்லா வீடும் இப்படியோ என்று மனம் தளரவும் வேண்டா. ஜவ்வாது மலையிலுள்ள புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளி இனப் பெண், உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறிய செய்தி 2024-இல் நாளிதழ்களில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23. ஏலகிரி மலையிலே பள்ளிக் கல்வி பயின்றவர். பிள்ளை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதினார். அந்நிலையில் அவரை அழைத்துச் சென்றதும் துணைநின்றதும் அவருடைய குடும்பத்தாரே. மலைமேல் வாழும் வீடு படிப்பறியாது என்று எண்ணும் சமவெளியார் சிலருக்கு இச்செய்தியை நான் சற்று உரத்த குரலிலேயே சொல்லுவதுண்டு.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை ஒன்று நடந்தே சென்றது. ஆகஸ்டு 1-இல் புறப்பட்டுச் செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்தது. அப்படையில் நடந்த ஒரே பெண்மணி, ஐம்பத்தைந்து வயதான இராமாமிர்தம் அம்மையார். அவ்வாண்டு நவம்பரில் மறியல் செய்து ஆறு வாரம் சிறையில் இருந்தார். 1949-க்குப் பின் திராவிட முன்னேற்றக் கழகத்தில் தொண்டாற்றினார். 1962 ஜூன் 27 அன்று இயற்கை எய்தினார்.

1989-இல் தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு அம்மையாரின் பெயரைச் சூட்டிற்று. ஏற்பாடு செய்த வாழ்க்கையை உதறி, விளக்கொன்றின் முன் தாமே மணம் செய்துகொண்டவர் பெயரில் திருமண உதவித்திட்டமா என்று சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை. மணமகள் பதினெட்டு வயது நிரம்பியவளாகவும், குறித்த வகுப்பு வரை படித்தவளாகவும் இருந்தாலன்றி உதவி கிட்டாது என்ற விதி அதில் இருந்தது. அந்த ஒரு விதிக்காகவே மகளைப் பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கு அனுப்பிய தந்தையர் சிலரை எனக்குத் தெரியும். காரணம் எதுவாயினும் பிள்ளை வகுப்பில் இருந்தாள். ஆசிரியனுக்கு அது போதும்.

2022-இல் அத்திட்டம் மாற்றியமைக்கப்பெற்றது. திருமண உதவி உயர்கல்வி உதவியாயிற்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியர், கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்து படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1000 ரூபாய் பெறும் வகையில், அவ்வாண்டு செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் என்னும் பெயரோடு அது தொடங்கிற்று. பணம் தந்தையின் கைக்கும் போவதில்லை, கணவனின் கைக்கும் போவதில்லை. மாணவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே நேரே சேருமாறு விதி செய்யப்பெற்றது.